ஆர்க்கிட் தொட்டியில் பொடிப்பூச்சி: மருந்து வாங்கும் முன் செய்ய வேண்டியவை

தண்ணீர் ஊற்றியதும் தொட்டியின் மேற்பரப்பில் வெள்ளைப் பொடி போல ஏதோ துள்ளுகிறது. அல்லது தொட்டியை நகர்த்தினால் கொசுவைவிடச் சின்னதாக நாலைந்து கருப்புப் பூச்சிகள் எழும்பி முகத்தைச் சுற்றுகின்றன. ஆர்க்கிட் புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்ததும் நேரே உரக்கடைக்குப் போய்விடுகிறார்கள். மருந்து அடித்தால் நாலு நாள் பூச்சி குறையும், அடுத்த வாரம் திரும்ப வரும், மூன்றாவது மாதம் செடி போய்விடும். செடியைக் கொன்றது பூச்சி அல்ல. வேரைச் சுற்றி நாள்கணக்கில் நின்ற ஈரமும், அந்த ஈரத்தில் மக்கிப்போன ஊடகமும்தான் (மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்பும் கரி, மட்டை, பட்டை போன்றவற்றைத்தான் ஊடகம் என்கிறோம்). ஆகவே பூச்சியை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு, கீழே உள்ள வரிசைப்படி போங்கள். தொட்டியில் வளரும் பலனாப்சிஸ், டென்ட்ரோபியம் என்ற இரண்டு ஆர்க்கிட் வகைகளுக்கும் இது பொருந்தும். வேர் வெளியே தொங்கும் வாண்டாவுக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக வராது.

1. எந்தப் பூச்சி என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஒரு பக்கெட்டில் தண்ணீர் எடுத்து, தொட்டியை விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை மெதுவாக இறக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உள்ளே இருப்பவை மேலே வரும். கையில் ஒரு லென்ஸோ, கைப்பேசிக் கேமராவோ இருந்தால் போதும்.

வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், தண்ணீர் மேல் மிதந்தபடி தெள்ளுப் பூச்சி போலக் குதித்தால் அது ஸ்பிரிங்டெயில். இதற்கு இறக்கை கிடையாது. வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்திருக்கும் வால் போன்ற உறுப்பைத் தட்டித்தான் குதிக்கிறது. பூஞ்சை, பாசி, அழுகும் மட்டை ஆகியவைதான் இதன் உணவு. உயிருள்ள ஆர்க்கிட் வேரை இது கடித்து அழிப்பதில்லை. இது கூட்டமாக இருந்தால், உள்ளே தின்பதற்கு நிறைய அழுகல் இருக்கிறது என்று அர்த்தம்.

கருப்பாக, நீண்ட காலோடு, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவில், தொட்டி மேல் ஓடியும் தாழப் பறந்தும் திரிந்தால் அது காளான் ஈ. நர்சரிக்காரர்கள் ஃபங்கஸ் நாட் என்பார்கள். பறக்கும் பூச்சியால் கெடுதல் இல்லை. அது ஊடகத்துக்குள் இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் கவனிக்க வேண்டியது. கண்ணாடி போல உள்ளே தெரியும் வெள்ளை உடம்பு, பளபளக்கும் கருப்புத் தலை. பூஞ்சையைத்தான் முதலில் தின்னும். கூட்டம் பெருகினால் இளம் வேர்நுனியையும் அழுகத் தொடங்கிய வேரையும் குடையும்.

புழு இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய, உருளைக்கிழங்கை அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, ஊடகத்தின் மேல் நன்றாகப் படியும்படி அழுத்தி வையுங்கள். மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். புழு இருந்தால் கிழங்கின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்ததும் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அங்கேயே விட்டால் அதுவே அவற்றுக்குச் சாப்பாடு.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி, பூவிதழில் வெள்ளி நிறக் கீறல் விழுந்தால் இலைப்பேன். அவற்றுக்கு வைத்தியம் வேறு. இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல.

இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒரு விஷயம்: பக்கத்துத் தொட்டிகள். தென்னை நார்க்கழிவு நிரப்பிய க்ரோ பேக், மணி பிளான்ட், துளசித் தொட்டி இவற்றில்தான் காளான் ஈ அதிகம் பெருகும். ஆர்க்கிட்டை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இரண்டடி தள்ளி இருக்கும் நார்க்கழிவுத் தொட்டி சொதசொதவென்று இருந்தால் ஈ வந்துகொண்டேதான் இருக்கும். உருளைக்கிழங்குச் சோதனையை அங்கேயும் செய்யுங்கள்.

2. வேரைப் பாருங்கள்

அவசரம் எவ்வளவு என்று வேர்தான் சொல்லும். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, அழுத்தினால் நீர் கசியும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேலே உள்ள பஞ்சுத் தோல் உருவிக்கொண்டு வர, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். தொட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நல்ல ஊடகத்தில் மழை நனைத்த மண் வாசனைதான் வரும். புளித்த வாடை வந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது.

பாதிக்கு மேல் வேர் கெட்டியாக இருந்தால் 3, 4, 5 ஆம் படிகள் போதும். பாதிக்கு மேல் அழுகிவிட்டால், அல்லது புளித்த வாடை வந்தால், நேரே 6 ஆம் படிக்குப் போய்விடுங்கள். பூச்சிக்கு மருந்து தேடி நாளைக் கடத்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வேர் அழுகினால் செடியால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. அதனால் இலை சுருங்கித் தொங்கும். பார்ப்பவர்களுக்கு அது தாகத்தில் வாடிய செடி போலவே தெரியும். உடனே இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். நம் நெல்லைப் பக்கத்து வெயிலில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கிறது. சித்திரையில் இலை துவண்டால் யாருக்குத்தான் ஊற்றத் தோன்றாது? ஊற்றும் முன் ஊடகத்தைத் தொடுங்கள். ஊடகம் ஈரமாக இருந்தும் இலை துவண்டிருந்தால், பிரச்சினை வேரில்.

3. தண்ணீரை நிறுத்துங்கள்

ஸ்பிரிங்டெயிலுக்கு வேறு வைத்தியமே தேவையில்லை. ஈரம் போனால் அதுவும் போய்விடும். காளான் ஈயும் காய்ந்த பரப்பில் முட்டையிட விரும்பாது, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்தால் புழுவும் தாக்குப்பிடிக்காது.

அடுத்து எப்போது ஊற்றுவது என்பதை நாள் கணக்கு வைத்து முடிவு செய்யாதீர்கள். “வாரம் இரண்டு முறை” என்று நர்சரியில் சொல்லி அனுப்புவார்கள். ஆனால் ஆடிக் காற்றில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஒரே நாளில் காயும் தொட்டி, சாரல் பிடித்திருக்கும் தென்காசி, செங்கோட்டையில் ஐந்து நாளானாலும் ஈரமாக இருக்கும். ஒரு மூங்கில் குச்சியை ஊடகத்தின் நடுவில் பாதி ஆழத்துக்குச் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். எடுத்து உதட்டுக்கு மேலே வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது, ஊற்றக் கூடாது. கூடவே ஒவ்வொரு முறையும் தொட்டியைத் தூக்கிப் பழகுங்கள். நனைந்த கனமும் காய்ந்த கனமும் சில வாரத்தில் கைக்குப் பிடிபட்டுவிடும்.

ஊற்றும்போது காலையில், அடித்துளை வழியே தாராளமாக ஓடும்படி ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மேலே ஈரத்தை நிறுத்தி அடியைக் காய வைக்கும். பூச்சிக்கு வேண்டியதும் அதுதான். பலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூத் தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அழகுக்காக வெளியே மாட்டும் பீங்கான் தொட்டியை உடனே கழற்றுங்கள். அதற்கு அடியில் துளை இருக்காது. உள்ளே இரண்டு விரல்கடை தண்ணீர் எப்போதும் நிற்கும், மேலே பார்த்தால் தெரியாது. அடித்தட்டுக்கும் இதே விதி.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். உப்பு வேர்நுனியைக் கருக்கும், கருகிய நுனி அழுகும், அழுகலுக்குப் பூச்சி வரும். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் காரணம் இதுதான். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் அதையே பிடித்து ஓர் இரவு திறந்து வைத்து ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் அதைவிட நல்லது. ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் மிச்சப்படுத்துகிறேன் என்று ஆர்க்கிட்டுக்கு ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அதில்தான்.

4. பறக்கும் ஈயைப் பிடியுங்கள்

மஞ்சள் ஒட்டும் அட்டை போதும். பெரிய அட்டையை வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, குச்சியில் சொருகி, ஊடகத்துக்கு மேலே நாலு விரல்கடை உயரத்தில் இலைக்கு அடியில் நிறுத்துங்கள். காளான் ஈ உயரப் பறக்காது. சுவரில் மாட்டினால் ஈ குறைவாகவும் பல்லி அதிகமாகவும் மாட்டும். பல்லி ஒட்டிக்கொண்டால் அட்டையோடு இழுக்காமல், ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் விடுபடும்.

அட்டை கிடைக்காவிட்டால் மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவி வைக்கலாம். தூசி படியும், நாலு நாளுக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.

முட்டையிலிருந்து ஈயாகும் வரை நம் சூட்டில் சுமார் மூன்று வாரம். பெண் ஈ ஒரு வாரம் போல உயிரோடு இருந்து நூற்றுக்கும் மேல் முட்டை இடும். ஆகவே அட்டையை நான்கு வாரமாவது விடாமல் வையுங்கள். பத்தாம் நாள் ஈ குறைந்துவிட்டது என்று எடுத்துவிட்டால், அப்போது புழுவாக இருப்பவை அடுத்த வாரம் பறந்து வரும்.

5. புழுவுக்கு எது, எது வேண்டாம்

காய வைத்தும் கிழங்கில் புழு வந்துகொண்டே இருந்தால் மட்டும் இந்தப் படி.

முதல் தேர்வு பி.டி.ஐ. என்கிற பாக்டீரியா மருந்து. கொசுப் புழுவை அழிக்கப் பயன்படுவதும் இதுதான். பாக்கெட்டின் மேல் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பதற்குப் பக்கத்தில் ‘இஸ்ரேலென்சிஸ்’ என்று இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். உரக்கடையில் அதிகம் கிடைப்பது ‘குர்ஸ்டாகி’. அது கத்திரி, முட்டைக்கோஸ் தின்னும் பச்சைப்புழுவுக்கு உரியது, காளான் ஈப் புழுவை ஒன்றும் செய்யாது. பாக்கெட்டில் உள்ள அளவில் கலந்து, அடுத்து தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில் தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. முட்டையையும் ஈயையும் இது தொடாது, புழு தின்றால்தான் சாகும். அதனால்தான் மூன்று முறை.

இரண்டாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு. இணையத்தில் படிக்கும் அளவெல்லாம் பெரும்பாலும் 3 சதவீதப் புட்டிக்குச் சொன்னது. நம் மருந்துக் கடையில் கொடுப்பது பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளைப் பார்த்து, 6 சதவீதமானால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேருங்கள். அளவு கூடினால் பச்சை வேர்நுனி வெந்துவிடும். ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. பழக்கமாக வைத்துக்கொள்ளும் மருந்து இல்லை இது.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கரைய இரண்டு மூன்று சொட்டு சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு இலைக்கு மட்டும். ஊடகத்தில் ஊற்றினால் எண்ணெய் வேரின் பஞ்சுத் தோலில் படிந்து மூச்சை அடைக்கும். வேப்பம் புண்ணாக்கு மண் தொட்டிக்கு அருமையானது, ஆர்க்கிட்டுக்கு வேண்டவே வேண்டாம். கரித்துண்டுகளுக்கு இடையே போய் நனைந்து ஊறிப் பூஞ்சை பிடிக்கும். காளான் ஈக்கு நாமே பந்தி வைத்த மாதிரி ஆகிவிடும்.

பூச்சி என்று சொன்னதும் கடையில் குருணை மருந்து எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். ஃபோரேட் குருணையின் பயன்பாடே 2020 இறுதியோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய சரக்கைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தால் இன்னும் ஆபத்து. எந்த மருந்தானாலும் லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. பிள்ளைகள் நடமாடும் வராந்தாவில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடமில்லை.

6. ஊடகம் மாற்றுவது

முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை: கரி, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, துளைத் தொட்டி, கூரான கத்தரி, மஞ்சள் தூள்.

சீமைக்கருவேலக் கரி நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், துணி தேய்க்கும் கடைகளில் கேட்டாலும் இடம் சொல்வார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்து, தூள் போகக் கழுவி, ஓர் இரவு ஊறவிடுங்கள். பழைய நாட்டு ஓட்டை அதே அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். மட்டைத் துண்டை மூன்று நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் நாள் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். அது வெளுத்த பிறகே பயன்படுத்தலாம். டென்ட்ரோபியத்துக்குக் கரி மூன்று பங்கு, ஓடு இரண்டு பங்கு, மட்டை ஒரு பங்கு. பலனாப்சிஸுக்குக் கரி இரண்டு பங்கு, மட்டை ஒரு பங்கு. நார்க்கழிவுத் தூள் ஒரு கைப்பிடிகூட வேண்டாம்.

மண்தொட்டிக்குக் காருகுறிச்சிப் பக்கம் போகிறவர்கள், பச்சைமண்ணாக இருக்கும்போதே பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு எட்டுப் பத்துத் துளை போட்டுத் தரும்படி சொல்லிவைக்கலாம். சுட்ட பிறகு துளைத்தால் விரியும். தொட்டி வேர்க்கட்டு அடங்கும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். பெரிய தொட்டி காயாது.

இனி செடி. அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்தால் தொட்டியில் ஒட்டிய வேர் இளகும். வெளியே எடுத்து, பழைய ஊடகம் முழுவதையும் நீக்குங்கள். நர்சரியிலிருந்து வந்த பலனாப்சிஸ் என்றால் வேலை இங்கேதான். மேலே புது மட்டை, பட்டை போட்டு அழகாக இருக்கும். வேர்களை விலக்கிக்கொண்டு நடுவில் விரலை விட்டால், எலுமிச்சம்பழ அளவில் பாசியோ பஞ்சோ ஓர் உருண்டை தட்டுப்படும். சிலவற்றில் அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வலைக்கூடையும் இருக்கும். நாற்றாக இருந்தபோது வைத்தது. வெளியே எல்லாம் காய்ந்தாலும் இந்த உருண்டை காயாது. அழுகல் தொடங்குவதும் காளான் ஈப் புழு குடியிருப்பதும் பெரும்பாலும் இதற்குள்தான். வேரை உடைக்காமல், தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி, ஒரு குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. இதை விட்டுவிட்டு வெளி ஊடகத்தை மட்டும் மாற்றினால் செய்த வேலை வீண்.

கத்தரியைத் தீயில் காட்டியோ ஸ்பிரிட் தொட்டோ துடைத்துவிட்டு, அழுகிய வேரைக் கெட்டியான இடம் வரை வெட்டுங்கள். அடுத்த செடிக்குப் போகும் முன் மறுபடி தீயில் காட்டுங்கள். ஆர்க்கிட் வைரஸ் பெரும்பாலும் கத்தரி வழியாகத்தான் செடிக்குச் செடி போகிறது. வெட்டு வாயில் மட்டும் மஞ்சள் தூளைத் தொட்டு வையுங்கள். லவங்கப்பட்டைத் தூள் வைப்பவர்கள் அது நல்ல வேரில் படாமல் பார்க்க வேண்டும், வேரை உலர்த்திவிடும். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை டென்ட்ரோபியத்துக்குப் போடாதீர்கள்.

நிழலில் ஓர் இரவு விட்டு, வெட்டு காய்ந்ததும் நடுங்கள். தண்டின் அடி ஊடகத்துக்கு மேலே தெரிய வேண்டும். செடி ஆடாதபடி குச்சி வைத்துக் கட்டுங்கள். ஆடும் செடியில் புது வேர்நுனி உரசி உரசியே தேய்ந்துபோகும்.

எடுத்த பழைய ஊடகத்தை மற்றத் தொட்டிகளில் கொட்டாமல், வெயிலில் பரப்பிக் காயவிட்டுத் தென்னை மூட்டில் போடுங்கள்.

பாபநாசம், மாஞ்சோலை போகிறவர்கள் தொட்டிக்கென்று மரப்பாசியோ பட்டையோ பெயர்த்துவரக் கூடாது. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், எடுப்பது சட்டப்படி குற்றம். கூடவே நத்தை முட்டையும் இன்னும் பத்து வகைப் பூச்சியும் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

7. மாற்றிய பிறகு

மூன்று நாள் வேருக்குத் தண்ணீர் வேண்டாம். வெயில் 38 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் இரண்டு நாள் போதும். காலையில் இலை மேல் மட்டும் பனி போலத் தெளிக்கலாம். புது வேர்நுனி பச்சையாகத் தெரியும்வரை உரம் கிடையாது. தெரிந்த பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, நனைந்த வேருக்கு. பலனாப்சிஸ் நிமிர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இடையில் பழைய இலை ஒன்று மஞ்சளாகி விழுந்தால் பதற வேண்டாம். பூத்தண்டு இருந்து வேர் பாதிக்கு மேல் போயிருந்தால் தண்டை வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் செடி பிழைக்க அதுதான் வழி.

8. செலவும் பில்லும்

மஞ்சள் அட்டை, கரி, ஒரு தொட்டி, பெராக்சைடு எல்லாம் சேர்த்து ஒரு செடிக்கு 300 முதல் 500 ரூபாய்க்குள் அடங்கும். ஓடும் மட்டையும் காசில்லாமல் கிடைக்கும். பி.டி.ஐ. தனிச் செலவு. நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் தாங்கும்.

மருந்து எதுவானாலும் தொகுதி எண், காலாவதித் தேதி எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். செடி வாங்கிய பில்லையும், வந்த அன்றே வேரையும் அடிப்பாகத்தையும் எடுத்த படத்தையும் பத்திரமாக வையுங்கள். அழுகிய வேரோடு வந்த செடிக்கு மாற்றுக் கேட்க இது இல்லாமல் முடியாது. வெளிநாட்டுச் செடி என்று சொல்லி விற்றால், இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

பூச்சி எதுவென்று பிடிபடவே இல்லை என்றால், நாலைந்தைச் சின்னப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, கெட்ட வேரைத் தாளில் சுற்றி, வல்லநாடு அருகே கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பூச்சியியல் துறையில் காட்டிக் கேட்கலாம். போகும் முன் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். வேரை பிளாஸ்டிக் பையில் கட்டினால் போய்ச் சேரும் முன் இன்னும் அழுகி, எது பழைய அழுகல் என்றே தெரியாமல் போகும்.

9. எந்த மாதத்தில்

அவசரமில்லாத ஊடக மாற்றத்துக்கு மாசி, பங்குனி நல்லது. பூ முடிந்து புது வேர் கிளம்பும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். கத்திரி வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தவிருங்கள். அழுகல் கண்டுவிட்டால் மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே செய்யுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசிக் கடைசியில், தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு, தரையில் வைக்காமல் கம்பித் தாங்கியில் ஏற்றிவிடுங்கள். அடியிலும் காற்று ஓட வேண்டும். தொடர்ந்து மழை பெய்யும் வாரங்களில் பலனாப்சிஸுக்குப் பத்து நாள்வரை தண்ணீர் தேவைப்படாமல் போகலாம், குச்சி சொல்வதைக் கேளுங்கள். காற்றே இல்லாத மூலையானால் பகலில் சிறிய மின்விசிறியைக் குறைந்த வேகத்தில், நேரே செடி மேல் அடிக்காமல் திருப்பி ஓடவிடுங்கள். மஞ்சள் அட்டையைத் தைப்பொங்கல் வரை எடுக்க வேண்டாம்.